காவலரணுக்குள் ஆள் உண்டா

கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் சமய தத்துவம் படிக்கப் போவதற்குப் பக்திதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களைக் கழிக்க ஓய்வூதியக்காரனுக்கு வங்கி, தபாற்கந்தோர், ஆஸ்பத்திரி மருந்து வரிசை என்று பல இடங்கள் உண்டு. ஞாயிறு அவை பூட்டு. கோயில் மடத்தில் நடந்த சித்தாந்த வகுப்பு மட்டும் திறந்திருந்தது.

யுத்த காலம். திருகோணமலையில் கூட்டம், பாராட்டு விழா, பட்டிமன்றம் எல்லாம் வெயில் இருக்கும்போதே முடிந்துவிடும். நேரம் கடந்து பேசும் பேச்சாளர்களை எந்தத் தலைவராலும் அடக்க முடிந்ததில்லை. ஊரடங்கு அதைச் செய்து காட்டியது. எங்கள் வகுப்பும் காலையில்தான். வந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். நடத்தியவர் ஒரு முன்னாள் பாடசாலை அதிபர். ஓய்வு பெற்ற பிறகும் அவரை அதிபர் என்றே கூப்பிட்டோம், அவரும் எங்களைப் பள்ளிப் பிள்ளைகளாகவே நடத்தினார்.

பாடம் அளவையியலில் தொடங்கியது. கடவுளைப் பற்றிப் பேசும் முன், எதையாவது அறிந்தேன் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்கும் பகுதி அது. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. கச்சேரியிலும் இதே ஒழுங்குதான்: விண்ணப்பத்தைப் படிக்கும் முன் விண்ணப்பதாரி யாரென்று பார்ப்போம். மங்கல் வெளிச்சத்தில் தூரத்தில் நிற்பது மரக்குற்றியா மனிதனா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே முடிவு கட்டிப் பாய்வது திரிவு. இரண்டும் வேறு வேறு நோய்கள், வேறு வேறு மருந்துகள் என்றார் அதிபர். இவ்வளவு காலமும் இரண்டையும் ஒரே அலுவலகக் கோவையில் போட்டிருந்தேனே என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் ஒரு எதிர்க்கட்சியும் இருந்தது. ஒரே ஒருவர். நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர், ஊரில் சேவையர் என்றால் அவர்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காணிக்கு எல்லைக்கல் போட்டவர், ஓய்வு பெற்றதும் எல்லை என்று ஒன்றே இல்லை, உள்ளது பிரம்மம் ஒன்று, மற்றதெல்லாம் தோற்றம் என்ற வேதாந்தப் பக்கம் போய்விட்டார். சித்தாந்த வகுப்புக்கு அவர் வந்தது படிக்க அல்ல, மறுக்க.

"மாயை எண்டால் பொய் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்பார் அதிபர். "குடத்துக்கு மண் மாதிரி, உலகத்துக்கு அது முதற்பொருள். உள்ள பொருள். ஒடுங்கும், அழியாது."

"கயிறு தெரிஞ்சாப் பிறகு பாம்பு எங்க போய் ஒடுங்கினது, அதிபர்? கூடைக்குள்ளையோ?"

"எல்லாம் தோற்றம் எண்டு சொல்லுற ஆள் சென்றியில ஏன் சைக்கிளால இறங்குறியள்?"

"தோற்றத்தில இருக்கிறவனைத் தோற்றத் துவக்கால சுட்டாலும் தோற்றமா நோகும்தானே."

இந்த மட்டத்தில் வாரா வாரம் போய்க்கொண்டிருந்தது. இடையிடையே நேவிக்காரர் துறைமுகத்துக்குள் தண்ணீருக்கடியில் வெடி வைப்பார்கள். நீந்தி வரக்கூடியவர்களை மிரட்டுவதற்காம். மடத்து யன்னல்கள் ஒருமுறை அதிரும். எங்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்களில் ஒருவரின் மருமகன், கனடாவிலிருந்து வந்திருந்தவர், ஒருநாள் கதிரையோடு எழும்பினார். "என்ன சத்தம்?" என்று கேட்டார். "என்ன சத்தம்?" என்று நாங்களும் கேட்டோம். பொய் சொல்லவில்லை. காதில் விழுவது ஒன்று, கேட்பது இன்னொன்று என்று அதிபர் அன்றைக்குப் பாடத்தை அதிலேயே நடத்திவிட்டார்.

சேவையர் இறங்குவதாக அதிபர் சொன்ன சென்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிங்கநகரிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் ஒரு வீதியில், நேவி முகாம் வேலி வளையும் இடத்தில் அந்தக் காவலரண் இருந்தது. மண்மூட்டை அடுக்கி, மேலே தகரம் போட்டு, நெஞ்சளவு உயரத்தில் ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். துவாரத்துக்குள் இருட்டு. அதிலிருந்து ஒரு குழாய் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அது துவக்கு என்று ஒரு கட்சியும், மழைத்தண்ணீர் வடிய வைத்த குழாய் என்று இன்னொரு கட்சியும் ஊரில் இருந்தன. இரண்டு கட்சியும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போயின.

இறங்க வேண்டும், குடை இருந்தால் மடக்க வேண்டும், கையில் இருப்பது தெரியும்படி பிடிக்க வேண்டும், காவலரணைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். இது எங்கும் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட சுற்றறிக்கையை நான் கண்டதில்லை. அது வெளியிடப்படாததே காரணமாக இருக்கலாம்.

தொடக்கத்தில் நேவிக்காரர் வெளியே நின்று அடையாள அட்டை பார்த்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை, பிறகு சண்டை, திரும்பவும் பேச்சுவார்த்தை என்று போன ஒரு கட்டத்தில் வெளியே நிற்பது நின்றுபோயிற்று. உள்ளே போய்விட்டார்களா, ஒரேயடியாகப் போய்விட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. பின்சுவர் முகாம் வேலியோடு ஒட்டியிருந்தபடியால் ஆள் மாறுவதும் வீதியிலிருந்து தெரியாது. கோட்டைப் பக்கத்து மான்கள் மட்டும் வீதி நடுவால் நடந்து போயின. அவற்றுக்கு இறங்குவதற்கு ஒன்றும் இல்லை.

வளைவுக்கு எதிரே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம், எல்லோருக்கும் நானா. அவரிடம் கேட்டேன்.

"நானா, நாள் முழுக்க இதிலதானே இருக்கிறீங்கள். உள்ளுக்கு ஆள் இருக்கோ?"

"எனக்கென்ன தெரியும் சேர்? நான் அந்தப் பக்கம் பாக்கிறதே இல்ல. பாக்கிறவனத்தான் அவங்க பாப்பாங்க."

"அப்ப நீங்களும் இறங்கித்தான் போறது?"

"எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு?"

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, சேவையரின் மனைவி பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழும் வரைக்கும்.

அந்த அம்மாவுக்குப் பேச்சுக் குழறியது. நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. எல்லாவற்றிலும் மோசம், சாப்பிட மறுத்தார். தாதி ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். மூக்கால் குழாய் விட்டார்கள், பிடுங்கி எறிந்துவிட்டார். புருஷன் கையால் கொடுத்தால் மட்டும் வாய் திறந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "நீங்கள் வந்தால் சாப்பிடுவா. சாப்பிட்டால் தேறுவா. மற்றதெல்லாம் பிறகு."

சேவையருக்கு முழங்கால் பழுது. காடு மேடெல்லாம் அளவுச் சங்கிலி இழுத்த கால். நடக்கத்தான் ஏலாது, சைக்கிள் ஓடலாம். ஆனால் ஏறுவதற்கு ஒரு உயரம் வேண்டும். வீட்டு வாசலில் மதகுக் கட்டு இருந்தது, ஆஸ்பத்திரியில் குட்டைச் சுவர் இருந்தது. அந்த வளைவில் ஒன்றும் இல்லை, ஆள் பிடித்து ஏற்றப் போனால் சைக்கிளோடு சாய்ந்துவிடுவார். இறங்கினால் இறங்கினதுதான். முதல் நாள் உருட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். பாதி வழியில் விழுந்து, சோறும் மீன் சொதியும் வீதியில். நானாவும் நானுமாகத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு அந்த அம்மா சாப்பிடவில்லை.

ஓட்டோவை அந்த வீதியால் விடமாட்டார்கள். சுற்றுப் பாதையால் போனால் சந்தேகமில்லாத இரண்டு சோதனைச் சாவடிகள், இரண்டிலும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். சேர்வதற்குள் நோயாளரைப் பார்க்கும் நேரம் முடிந்துவிடும். ஏறுவதற்கு ஒரு கல்லைக் கொண்டுபோய் வளைவுக்கு அப்பால் வைக்கலாமே என்றேன். நானா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சேர், ராவோட ராவா ரோட்டோரத்தில ஒரு கல்லு முளைச்சா, அவங்க கண்ணுக்கு அது கல்லாவா தெரியும்?"

நான் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். அந்த அம்மா என்னை நன்றாகப் பார்த்தார், கரண்டியையும் பார்த்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. கன்னம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இனி எனக்குத் தெரிந்த வழிதான். ஊனமுற்றவர், வயோதிபர் ஆகியோருக்கு விலக்களிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று பழைய கச்சேரிக்குப் போனேன். எனக்குக் கீழே வேலை பழகியவர் இப்போது என் கதிரையில் இருந்தார்.

"ஐயா, எங்கட பட்டியல்ல அந்த வளைவில சென்றி எண்டு ஒண்டும் இல்லை."

"எடுத்துப்போட்டாங்களோ?"

"எடுத்தது எண்டும் இல்லை. இல்லை எண்டுதான் இருக்கு. இல்லாத சென்றிக்கு எப்படி ஐயா விலக்குக் குடுக்கிறது?"

"நீர் எந்தப் பாதையால வேலைக்கு வாறனீர்?"

"அதாலதான்."

"இறங்கிறனீரோ?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இறங்காமல்?"

எனக்குக் கோபம் வரவில்லை, அவர் சொன்னது நடைமுறைப்படி சரி. ஆனால் திரும்பி வரும் வழியில் ஒன்று தோன்றியது. அரசாங்கத்துக்கு அந்தக் காவலரண் இல்லை. கண்ணுக்கு இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஆளோ கண்ணுக்கும் இல்லை, ஆனால் எங்கள் கால்களுக்கு இருக்கிறார். அதிபர் இதை எந்த வகுப்பில் சேர்ப்பார்?

ஞாயிறு கேட்டேன். சேவையரையும் ஒரு பெடியன் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுவந்து விட்டிருந்தான். மடம் எங்கள் பக்கத்திலேயே இருந்தபடியால் அதற்கு அந்த வளைவைக் கடக்கத் தேவையில்லை. அதிபர் சிரிக்கவில்லை. மேசையைக் காட்டினார்.

"இதில செம்பு இருக்கோ?"

"இல்லை."

"எப்படித் தெரியும்? இல்லாத செம்பு உங்கட கண்ணில வந்து இடிச்சதோ?"

இன்மையும் ஓர் அறிவுதான் என்று விளக்கினார். இல்லை என்பதை அறிவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சமான மேசையில் செம்பு தெரியாவிட்டால் செம்பு இல்லை. இருட்டறைக்குள் செம்பு தெரியாவிட்டால், தெரியவில்லை, அவ்வளவுதான். "அந்தத் துவாரத்துக்குள்ள ஆள் இருந்தாலும் தெரியாது. ஆனபடியால் ஆள் தெரியேல்லை எண்டுற சாட்சி ஒண்டுக்கும் உதவாது. ஊர்ச் சனம் இறங்கிறது பயத்தில இல்லை. அளவையில சரி."

இவ்வளவு துல்லியமான ஆதரவு எங்கள் பயத்துக்குக் கிடைத்ததில் எல்லோருக்கும் திருப்தி. சேவையர் மட்டும் அன்றைக்கு மறுப்புச் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே, "நாங்கள் ஒரு பக்கத்தால மட்டும் பாத்திருக்கிறம்" என்றார்.

"என்ன சொல்லுறியள்?"

"ஒரு கோடு அளந்தால் மற்ற முனையில போய் நிண்டு திரும்பிப் பாக்க வேணும். இரண்டும் ஒத்து வந்தால்தான் கோடு சரி. உள்ளுக்கு ஆள் இருக்கோ எண்டு நாங்கள் மாசக்கணக்காப் பாக்கிறம். ஆள் இருந்தால், அவனுக்கு என்ன தெரியுது? அதை ஒருத்தரும் கேக்கேல்லையே. இறங்காமல் போறவனை அவன் ஏன் சுடுவான்? குற்றியோ மனிசனோ எண்ட ஐயம் அவனுக்குத்தான். ஐயம் வராமல் போனால் சரிதானே?"

"எப்படிப் போறது?"

"முதல்ல போய்ச் சொல்லுறது."

"ஆருக்கு?"

"துவாரத்துக்கு."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அது விபரீதம் என்று மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். எனக்கோ ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் இதற்கு ஒரு நடைமுறை உண்டு என்று தெரியும். வீதி மூட, காணி எடுக்க, மதுக்கடை திறக்க, எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: அறிவித்தல் கொடு, ஆட்சேபனை கேள், ஆட்சேபனை வராவிட்டால் நடத்து. மௌனம் சம்மதமா என்பது தத்துவக்காரரின் பிரச்சினை. கச்சேரியில் மௌனம் என்றால் கோவையை மூடலாம்.

அடுத்த நாள் உச்சி வெயிலில், நானாவும் நானும் இரண்டு பக்கமும் தாங்க, சேவையரைக் காவலரண் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். நானா உடனே கடைக்குத் திரும்பி, கதவில் ஒரு பலகையைச் சாத்தினார். சேவையர் சிங்களப் பகுதிகளில் நீண்ட காலம் வேலை செய்தவர், நல்ல சிங்களம். ஒழுங்கை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்: யார், என்ன கோரிக்கை, என்ன காரணம், எப்போது முதல், ஆட்சேபனை உண்டா.

அவர் துவாரத்தைப் பார்த்துப் பேசினார். பேர் சொன்னார். முழங்காலைச் சொன்னார், வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தி அந்த வீக்கத்தையும் காட்டினார். மனைவி ஆஸ்பத்திரியில் என்றும், தன் கையால் மட்டும் சாப்பிடுகிறா என்றும் சொன்னார். பிறகு, நாளை மத்தியானம் முதல் இறங்காமல் போவேன், வெள்ளை வேட்டி கட்டியிருப்பேன், மணி அடித்துக்கொண்டு போவேன், இதில் ஆட்சேபனை இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்றார்.

காத்து நின்றோம். கச்சான் காற்று தகரத்தைத் தட்டியது. குழாய் நுனி அசையவில்லை. உள்ளே இருட்டு இருட்டாகவே இருந்தது. கோயில்களிலும் நான் இப்படி நின்றிருக்கிறேன். அங்கே பதில் வராததைப் பற்றி இவ்வளவு கவனமாகக் காது கொடுத்ததில்லை.

திரும்பும்போது, தர்காவிலிருந்து வருபவர்களைக் கேட்பதுபோல, நானா பலகைக்குப் பின்னால் நின்று கேட்டார். "எந்த அவுலியாவோட கதைச்சிட்டு வாறீங்க சேர்?"

"ஆட்சேபனை இல்லையாம்" என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் மதகுக் கட்டில் கால் வைத்துச் சேவையர் ஏறினார். சலவை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கைபிடியில் சாப்பாட்டுக் கரியர். நான் என் சைக்கிளில் பின்னால் போனேன். வளைவில் நான் இறங்கினேன். அறிவித்தல் கொடுத்தது அவர், எனக்கு விலக்கு இல்லை.

அவர் மணி அடிக்கத் தொடங்கினார். "மரக்குற்றி மணி அடிக்காதுதானே" என்று திரும்பாமலே எனக்குச் சொன்னார். முதுகு நிமிர்ந்திருந்தது, சேட்டு ஈரமாகியிருந்தது. எவ்வளவு மெதுவாக ஓடினால் சைக்கிள் விழாதோ அவ்வளவு மெதுவாக ஓடினார். துவாரத்துக்கு நேரே வந்தார். குழாய்க்கு முன்னால் போனார். மணிச்சத்தம் நிற்கவேயில்லை. எதிரே நானாவின் கடையில் பாதிக் கதவுக்கு மேலே இரண்டு கண்கள். பிறகு அவர் அப்பால் போய்விட்டார். சரிவில் சைக்கிள் தானாக வேகம் எடுத்தது. மணி தூரத்தில் கேட்டது.

நான் உருட்டிக்கொண்டு துவாரத்துக்கு நேரே வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இளம் குரல், தடிமன் பிடித்து மூக்கடைத்த குரல்.

"நோனாட்ட தென் கொஹொமத?"

நோனாவுக்கு, அதாவது வீட்டு அம்மாவுக்கு, இப்போது எப்படி என்று கேட்கிறது. அரச கரும மொழியான சிங்களப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவன் நான். எனக்கு வந்தது இரண்டு சொல். "டிக்கக் ஹொந்தய்" என்றேன். கொஞ்சம் பரவாயில்லை என்று. அது உண்மையா என்று எனக்கே தெரியாது. உள்ளே ஒரு தும்மல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருட்டில் ஒரு முகத்தைத் தேடினேன், தெரியவில்லை.

வார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சேவையர் கட்டில் விளிம்பில் இருந்தார். கரியர் திறந்திருந்தது. சோற்றைச் சொதியில் மசித்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு ஆள் இருக்கு" என்றேன். மூச்சு வாங்கியது. "என்னோட கதைச்சவன். உங்கட மனிசியை விசாரிக்கிறான்."

"ஓம்."

"ஓமோ? உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஆனால் இல்லாத ஆளிட்ட ஆரும் முழங்காலைத் தூக்கிக் காட்டுவானோ?"

"அப்ப உங்கட வேதாந்தம்?"

"அது ஞாயிற்றுக்கிழமைக்கு" என்றார். மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆ காட்டும். நான்தான் வந்திருக்கிறன்."

அந்த அம்மா அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்தார். எந்த அளவையால் அவரை அவரென்று தெரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சுகமான பக்கத்து உதடு முதலில் விலகியது, பிறகு வாய் திறந்தது. ஒரு கவளம், பிறகு இன்னொன்று. தாதி அடுத்த கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவதை மெல்லும்போது அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். ஏதோ சொன்னார், குழறலில் எனக்கு விளங்கவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"சொதியில உப்புக் காணாதாம்" என்றார் சேவையர். கரியர் மூடியால் மனைவியின் நாடியில் வழிந்ததை ஏந்திக்கொண்டே, "நாளைக்குப் போட்டுக் கொண்டு வாறன்" என்று அவரிடமே சொன்னார்.